மோட்டார் இல்லாத லென்ஸ்

24 செப்டம்பர் 2017, ஞாயிறு

இது கேமராவுக்கான நோட்டு. வேறு எதையும் இதில் எழுதுவதாக இல்லை. இருபத்தேழு வருடமாகத் தாலுகா அலுவலகத்தில் சர்வேயராக இருக்கிறேன். அளந்த அன்றே எழுதிவிட வேண்டும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. கேமராவுக்கும் அதே முறைதான்.

கேமரா ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. இருப்பதிலேயே ஆரம்பநிலை மாடல். கூடவே பதினெட்டு-ஐம்பத்தைந்து லென்ஸ் ஒன்று வந்தது. மகள் காந்திமதிக்குப் பிப்ரவரி நான்காம் தேதி கல்யாணம். அதற்குள் கை பழகிவிட வேண்டும். இனி வாங்க வேண்டியவை: நல்ல லென்ஸ் ஒன்று, முக்காலி, பை, தூசி ஊதுகிற ரப்பர் பந்து.

போன ஞாயிறு காலை என் மனைவி உலகம்மை பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் முகத்தில் இடது பாதி இறங்கியிருந்தது. பக்கவாதம் என்று நினைத்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். டாக்டர் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றுமில்லை, முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கியிருக்கிறது, மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ திரும்பிவிடும், சிலருக்கு மட்டும் முழுதாகத் திரும்புவதில்லை என்றார். மாத்திரை, முகப் பயிற்சி, கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இடது கண்ணை மூடி ஒட்ட பிளாஸ்திரி. அந்தக் கண் தானாக மூடாது.

போன வாரம் கேமராவைத் தொடாததற்கு விளக்கம் வேண்டும் என்பதால்தான் இதை எழுதினேன்.

28 செப்டம்பர்

லென்ஸ் மூடியைக் காணோம். தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது.

1 அக்டோபர், ஞாயிறு

காலையில் குளத்துக்குப் போனேன். நாரைகள் வந்திருக்கின்றன. ஐம்பத்தைந்தில் முழுதாக இழுத்தாலும் படத்தில் நாரை ஓர் உளுந்து அளவுக்குத்தான் தெரிகிறது. எழுபது-முந்நூறு லென்ஸ் வாங்கினால் கரையில் நின்றபடியே மூக்குவரை எடுத்துவிடலாம். தூரத்தில் நின்று பார்க்கிற வசதிக்குத்தானே கருவி என்று ஒன்று இருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் என் நாற்காலியை உலகம்மைக்கு வலது பக்கம் மாற்றிப் போட்டேன். பழைய இடத்தில் ஃபேன் காற்று சரியாக வருவதில்லை.

"இருவது வருசமா அந்த எடத்துல காத்து வராமலா சாப்பிட்டிய?" என்று கேட்டாள். 'ப' சொல்ல உதடு ஒத்துழைக்காததால் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். கேலிக்கு மட்டும் குறைவில்லை.

8 அக்டோபர், ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து காந்திமதி போன் செய்தாள். அழுகிற குரல்.

"அப்பா, அம்மா ஃபோட்டோவுக்கு மேடையில நிக்க மாட்டேங்கா. தாலி கட்டுத நேரத்துக்கு வந்துட்டு எறங்கிருவாளாம். அம்மா இல்லாம என்னப்பா ஆல்பம்? நீங்க பேசுங்க."

எனக்குப் பேச வராது, அளக்கத்தான் வரும். ஆகவே யோசித்தேன். பெண்களுக்கு முகம் என்றால் சும்மாவா? ஊரே வருகிற கல்யாணம். கூச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் சரியான லென்ஸும் சரியான கோணமும் அமைந்தால் ஒன்றுமே தெரியாது. அப்படி ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் சம்மதித்துவிடுவாள்.

எனவே முந்நூறு இப்போதைக்கு வேண்டாம். முகத்துக்கு உகந்தது ஐம்பது எம்.எம். என்று படித்தேன். துளை பெரிது, ஒன்று புள்ளி எட்டு. வேண்டிய இடம் தெளிவாக விழும், மற்ற இடமெல்லாம் பஞ்சு மாதிரி கலங்கிப்போகும்.

11 அக்டோபர்

முக்காலிக்குத் தனியாக எதற்கு வாங்குவது, அலுவலகத்தில் கோணம் அளக்கிற தியோடலைட்டை நிறுத்துகிற முக்காலி இருக்கிறதே என்று கேமராவைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். முக்காலியின் திருகாணி கட்டைவிரல் பருமன், கேமராவில் இருக்கிற ஓட்டை சுண்டுவிரல்கூட நுழையாதது. அலுவலகமே சிரித்தது.

புது முக்காலி வாங்கினேன். தூக்கினால் முறுக்கு டப்பா கனம்கூட இல்லை, காற்றுக்கு ஆடும். நடுவில் என் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டதும் நின்றது.

15 அக்டோபர், ஞாயிறு

தூத்துக்குடிக்குப் போய், பழைய ஐம்பது எம்.எம். லென்ஸ் ஒன்றை ஒருவரிடம் வாங்கிவந்தேன். கேமரா கம்பெனிக்காரனே செய்தது. கனமான கட்டு, கீறலில்லாத கண்ணாடி. புதிதாக வருவதெல்லாம் பிளாஸ்டிக். விற்றவர் ஏதோ சொல்ல வந்தார். கண்ணாடியைப் பற்றி எனக்கே தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

16 அக்டோபர்

அந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகவில்லை.

கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சவரிமுத்துவிடம் கொண்டுபோனேன். காந்திமதி கல்யாணத்துக்குப் படம் எடுக்கப்போவதும் அவர்தான். மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"லென்ஸு அருமையான லென்ஸு சார். ஆனா தானா ஃபோகஸ் ஆவாது. பழைய லென்ஸுக்குள்ள மோட்டாரு கெடையாது, கேமரா பாடிக்குள்ளதான் இருக்கும். உங்களுத மாதிரி சின்ன மாடல்ல அதை எடுத்துட்டாவ. ரெண்டுலயும் இல்லன்னா கையாலதான் திருகணும்."

"அதனால என்ன? சர்வீஸ் பூராவும் தியோடலைட்டத் திருகுனவன்தானய்யா நான்."

"எல்லைக்கல்லு அசையாது சார். மனுசன் அசைவானே" என்றார்.

20 அக்டோபர்

தீபாவளி முடிந்தது. உலகம்மை அதிரசம் சுட்டாள். நான் வாசலில் எடுத்த நாற்பத்திரண்டு படத்தில் நாற்பது கலங்கல். மத்தாப்புப் பிடித்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பூசணிக்காய் இருக்கிறது.

கண்ணருகில் வைத்துத் திருகும்போது சரியாக விழுந்தால் உள்ளே பச்சைப் புள்ளி ஒன்று எரியும். அது எரிவதற்குள் ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். அசையாமல் உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கா ஆளு தேடுதிய? எனக்குத்தான் பாதி மூஞ்சி அசையாதே. நான் உக்காருதேன்" என்றாள் உலகம்மை.

நான் கேட்காமலே கிடைத்த வாய்ப்பு.

22 அக்டோபர், ஞாயிறு

ஜன்னலோரம் நாற்காலி போட்டு, வலது கன்னத்தில் வெளிச்சம் விழும்படி உலகம்மையைத் திருப்பி உட்காரவைத்தேன். தூரம் நான்கு அடி. ஒன்று புள்ளி எட்டில் வலது கண் தெளிவு, காதுத்தோடு கலங்கல். மற்றது படத்தில் வரவில்லை.

இடையில், லென்ஸ் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பீர்கள் என்று கேட்டாள். தியோடலைட்டை வைத்து விளக்கினேன். எந்தக் கருவியிலும் சின்னதாகப் பிழை இருக்கும். ஒரு பக்கமாக வைத்துப் பார்த்த அளவை அப்படியே எழுதிவிடக் கூடாது. கருவியை மறுபக்கம் திருப்பி இன்னொரு தடவை பார்த்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கித்தான் எழுத வேண்டும். சோம்பேறி சர்வேயர்தான் ஒரு பக்கத்தோடு எழுந்து போவான்.

"ஓகோ" என்றாள்.

29 அக்டோபர், ஞாயிறு

மழை. ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும் என்று பயந்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவைத்தேன். உலகம்மை உலைக்கு அரிசி எடுக்கப் போய் லென்ஸைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"இதை எத்தனை விசில் விடணும்?"

லென்ஸ் முழுக்கத் தவிட்டுத் தூசி. ரப்பர் பந்து இன்றுதான் முதல் தடவையாக வேலை செய்தது. மாத்திரை பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் லென்ஸோடு போட்டிருக்கிறேன்.

6 நவம்பர், திங்கள்

உலகம்மை இன்று பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். மூன்றாம் வகுப்பு டீச்சர். இன்னும் ஒரு மாதம் லீவு போடச் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் வந்து சொன்னாள்: "ஒரு பிள்ளை கேக்குது, டீச்சர், அந்தப் பக்கம் ஏன் சிரிக்க மாட்டேங்குதுன்னு. அந்தப் பக்கம் லீவுல இருக்கு, லெட்டர் குடுத்துட்டுத்தான் போயிருக்குன்னேன். பூராவும் சிரிச்சிட்டு."

இவ்வளவு தைரியம் உள்ளவளுக்கு மேடை மட்டும் ஏன் பயம் என்று தெரியவில்லை. கல்யாண மேடையில் படம் வேண்டாம் என்கிறாள்; பிள்ளைகளோடு எடுத்த செல்போன் படத்தைத் தானே காட்டுகிறாள். நான் முழுதாகப் பார்க்கவில்லை. பால் பொங்கியது.

12 நவம்பர், ஞாயிறு

கிடைத்துவிட்டது! வலது பக்கம், ஜன்னல் வெளிச்சம், கண்ணிமை ஒவ்வொன்றும் எண்ணலாம். உதட்டு ஓரம் சிரிக்கிற மாதிரியே இருக்கிறது. மற்ற பாதி இருட்டில். யார் பார்த்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

உலகம்மையிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லாருக்கு. யாரு இவ?"

கேலி என்று எடுத்துக்கொண்டேன்.

19 நவம்பர், ஞாயிறு

சவரிமுத்துவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். மேடையில் உலகம்மையை எந்தக் காரணம் கொண்டும் நேராக எடுக்க வேண்டாம், வலது பக்கமாகவே நின்று எடுக்கட்டும், இடப்பக்க விளக்கைத் தள்ளிவைக்கட்டும். கோணம் வரைந்த தாளையும் கொடுத்தேன். அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரி சார் என்றார்.

22 நவம்பர்

ஆல்பம் அட்டை பற்றிக் கேட்க சவரிமுத்து போன் செய்திருக்கிறார். உலகம்மைதான் எடுத்திருக்கிறாள்.

23 நவம்பர், வியாழன்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. நடந்ததை இன்று எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் காப்பி போட்டு எனக்கு முன்னால் வைத்தாள். பிறகு என் நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில், அதாவது தனக்கு இடது பக்கம் போட்டாள்.

"சவரிமுத்து சொன்னாரு. 'டீச்சரம்மா, சார் சொன்ன மாதிரி வலது பக்கமாவே எடுத்துருதேன், கவலைப்படாதிய'ன்னு. நான் எப்பய்யா கவலைப்பட்டேன்?"

நான் காப்பி டம்ளரை நகர்த்தி நகர்த்தி வைத்தேன்.

"நான் தெனமும் கண்ணாடி முன்னால உக்காந்து இந்த மூஞ்சியப் பாத்துதான பயிற்சி செய்யுதேன். பள்ளிக்கொடத்துல நாப்பது பிள்ளைய பாக்கு. பஸ்ஸுல ஊரே பாக்கு. ரெண்டு மாசமா பாக்காதது நீங்க ஒராளுதான். சேரை மாத்திப் போட்டிய. நடக்கும்போது இந்தப் பக்கம் வந்து நிக்கிய. சொட்டு மருந்தைக்கூட நீட்டிட்டு அந்தால பாக்கிய."

"கல்யாணத்துல நீ சங்கடப்படக்கூடாதுன்னுதான்..."

"ஊருக்கு வெக்கப்பட்டா மேடைக்கு வரலன்னேன்? நீங்க பக்கத்துல நின்னுக்கிட்டு, என்னை எந்தப் பக்கம் திருப்பலாம்னு பாத்துக்கிட்டே இருப்பிய. அதை என்னால தாங்க முடியாது. அதான் வரலன்னேன்." குரல் உடைந்தது. அழுகை வலது பக்கம்தான் முகத்தில் தெரிந்தது. கண்ணீர் மட்டும் இடது பக்கமும் ஓடியது. "சோம்பேறி சர்வேயருதான் ஒரு பக்கத்தோட எந்திரிச்சிப் போவான்னு நீங்கதான சொன்னிய?"

காப்பி ஆறிவிட்டது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

24 நவம்பர்

எழுத ஒன்றுமில்லை. லென்ஸைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

26 நவம்பர், ஞாயிறு

இது கேமராவுக்கான நோட்டுதான். இருந்தாலும் எழுதுகிறேன். நான் பயந்துவிட்டேன். அன்று காலை ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி போகும்வரை ரோட்டையே பார்த்தேன். இடது பக்கம் பார்த்தால் அவள் போய்விட்டாள் என்று தோன்றியது. வலது பக்கம் பார்த்தால் இருக்கிறாள். அதனால் வலது பக்கமே பார்த்தேன். அவ்வளவுதான். இதைத் தவிர எனக்கு வேறு நியாயம் எதுவுமில்லை.

இதை அப்படியே காலையில் உலகம்மையிடம் சொன்னேன். அவள் தோசைக்கரண்டியோடு நின்று கேட்டாள். தோசை கருகியது.

"சரி. கேமராவ எடுத்துட்டு வாங்க" என்றாள்.

நாற்காலியைத் தானே திருப்பிப் போட்டு, இடது கன்னம் ஜன்னலைப் பார்க்க உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். நான் கண்ணை வைத்துத் திருக ஆரம்பித்தேன். மோட்டார் உள்ள லென்ஸாக இருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். அழுத்திவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். இதில் முடியாது. பச்சைப் புள்ளி எரியும்வரை பார்த்தே ஆக வேண்டும்.

பார்த்தேன். கண் சிவந்திருந்தது. கீழிமை தொங்கியிருந்தது. கன்னத்தில் சிரிப்புக் குழி விழுகிற இடம் வழவழவென்று கிடந்தது. ஆனால் புருவத்தின் மேலே இருக்கும் மச்சம் அங்கேயேதான் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று நான் முதலில் பார்த்தது அந்த மச்சத்தைத்தான்.

"கண்ணு மூடாது, இமைக்காது. திருகுறதுக்கு வசதிதான?" என்றாள்.

அழுத்தினேன். படம் கலங்கல். மறுபடி எடுத்தேன். ஆறாவது படம் தெளிவு.

27 நவம்பர்

சவரிமுத்துவிடம் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கி, அவர் கண் முன்னாலேயே கிழித்தேன். "நல்லது சார்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

3 டிசம்பர், ஞாயிறு

இனி ஞாயிறுதோறும் வலது ஒன்று, இடது ஒன்று, நேராக ஒன்று. அதே நாற்காலி, அதே நான்கு அடி. முக்காலியின் கால்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தது. கண்ணை மூடச் சொல்லியும் ஒரு படம். வலது முழுதாக மூடுகிறது. இடதில் வெள்ளை தெரிகிறது.

சொட்டு மருந்தை இப்போது நானே விடுகிறேன்.

10 டிசம்பர், ஞாயிறு

போன வாரப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். மாற்றமில்லை. நரம்பு வீங்கி மூன்று மாதம் ஆகப்போகிறது. சிலருக்கு மட்டும் திரும்புவதில்லை என்று டாக்டர் சொன்னது காதிலேயே நிற்கிறது. உலகம்மையிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து மொச்சை உரித்தோம்.

17 டிசம்பர், ஞாயிறு

காலை வேலை முழுக்க வீண். முக்காலி உறுதி, தூக்குக்குண்டு தொங்குகிறது, வெளிச்சமும் நல்ல வெளிச்சம். அப்படியும் இடது பக்கப் படங்கள் ஐந்தில் மூன்று கெட்டுப்போய்விட்டன. மூக்கு தெளிவு, மச்சம் தெளிவு, கண்ணிமை மட்டும் கலங்கல். லென்ஸில்தான் கோளாறு என்று கழற்றித் துடைத்து மாட்டினேன். மறுபடி அதே கதை.

"கொஞ்சம் அசையாம இரேன்" என்று சலித்துக்கொண்டேன்.

"நான் எங்க அசைஞ்சேன்?"

திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலிமை பாதி வழி இறங்கி வந்திருந்தது. கலங்கல் லென்ஸில் இல்லை, இமையில் இருந்தது. அது இமைத்திருக்கிறது.

கேமராவை அவள் மடியில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு முகம் பார்க்கிற கண்ணாடியை எடுக்க ஓடினாள். கண்ணாடியில் அவளுக்குத் தெரியவில்லை; இமைக்கும் நேரத்தில் யாரால்தான் தன் இமையைப் பார்க்க முடியும்? நான் எதிரே மண்டிபோட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவையும், "ஆங், இப்போ. ஆங், இப்போ" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

காந்திமதிக்குப் படத்தை அனுப்பினேன். "என்னப்பா, கண்ணு கலங்கலா விழுந்திருக்கு?" என்று பதில் போட்டாள். போன் செய்து விளக்கினேன். பிறகு அவளும் அழுதாள்.

31 டிசம்பர், ஞாயிறு

இடது கண்: முக்கால் மூடுகிறது. 'ப' வருகிறது. 'ம' வருகிறது. என்னைக் கேலி செய்யும் வேகமும் கூடியிருக்கிறது.

14 ஜனவரி 2018, பொங்கல்

பால் பொங்கியபோது உலகம்மை குலவை போட்டாள். பாதியில் காற்று இடது பக்கமாகப் புஸ்ஸென்று போனது. சிரித்துவிட்டு மறுபடி போட்டாள். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போட்டாள். படம் எடுக்க மறந்துவிட்டேன்.

28 ஜனவரி, ஞாயிறு

கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவைத்தாள். அரக்கு. மேடைக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. "உங்க சட்டை அரக்குக்கு ஒத்து வராது, மேடையில பக்கத்துல நிக்கணும்லா, வேற எடுங்க" என்றாள்.

5 பிப்ரவரி, திங்கள்

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

மேடையில் சவரிமுத்து எல்லோரையும் நேராகத்தான் நிறுத்தினார். விளக்கு இரண்டு பக்கமும் எரிந்தது. உலகம்மை என் வலப்பக்கம், இடது கன்னம் என் பக்கமாக இருக்க நின்றாள். முகம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று எழுத முடியாது. சிரித்தால் வலது உதடு முதலில் போகிறது, இடது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்னால் வருகிறது. சவரிமுத்து அதற்காகக் காத்திருந்து அழுத்தினார். காந்திமதி அம்மா தோளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கழுத்தில் கேமராவோடு நின்ற மாமனார் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு உலகம்மை வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். ஐம்பதை மாட்டிக்கொண்டு எதிரே போய் நான்கு அடியில் நின்றேன். திருக ஆரம்பித்தேன். பச்சைப் புள்ளி எரிவதற்கு முன்னால், வலது கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு, இடது கண்ணை மட்டும் மூடிக் கண்ணடித்தாள்.

ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் காது சிவந்துவிட்டது. விரல் தானாக அழுத்தியது.

படம் சுத்தக் கலங்கல். இன்று காலை ஸ்டுடியோவில் சவரிமுத்து திரையில் பார்த்துவிட்டு, "இதை அழிச்சிருவமா சார்?" என்றார்.

"எந்தக் கண்ணு மூடியிருக்குன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

குனிந்து பார்த்தார். "எடது."

"அதுதான் வேணும். பெருசாப் போட்டுக் குடுங்க" என்றேன்.